குழந்தைக்கு ஒரு திகதி

தமிழிலே காத்திருத்தலுக்கென்று ஒரு திணையே உண்டு. முல்லையின் உரிப்பொருளாக இருத்தலை வகுத்தனர் எம் முன்னோர். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்வான். தலைவி இல்லத்தில் இருந்து அவன் வரவை நோக்கியிருப்பாள். இந்த இருத்தலைப் பொறுமையின் பெருமையாக வகுப்பறைகளிலே நாம் பல்லாண்டுகளாக விளக்கி வருகிறோம். ஆயின், எமது நாட்டு வைத்தியசாலைகளின் வாங்குகளிலே, மடியில் குழந்தையும் கையில் ஒரு கொப்பியுமாக விடியற்காலை முதல் அமர்ந்திருக்கும் தாய்மாரின் இருத்தலை எந்தத் திணையில் அடக்குவது? அங்கே மீள்வதாகச் சொல்லிச் சென்ற தலைவன் இல்லை, கார்காலமும் இல்லை. உள்ளது ஒரு திகதி மாத்திரமே. அந்தத் திகதியும், வந்து சேர்ந்தபின், வேறொரு திகதியாக மாறிவிடக்கூடியது.

விசேட வைத்திய நிபுணரைக் காண்பதற்கு எமது குழந்தைகள் காத்திருக்கும் காலத்தைப் பற்றியே இங்கு எழுத முனைகின்றோம். இது வைத்தியர்களின் விடயம், ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. கரும்பலகை எழுத்துத் தெரியாது கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை வைத்தியர் காண்பது ஆண்டில் ஒருநாள். நாம் காண்பதோ பள்ளிக்கூடம் நடக்கும் ஒவ்வொரு நாளும். கூப்பிட்ட பெயருக்குத் திரும்பிப் பாராத பிள்ளையை அடங்காதவன் என்று சொல்வதா, காது கேளாதவன் என்று ஐயுறுவதா என்ற தீர்ப்பு பெரும்பாலும் எமது கையிலேயே முதலில் விழுகிறது. ஆதலால், அப்பிள்ளை எத்தனை மாதம் காத்திருக்கிறது என்பதும் எமது விடயமே.

குறை கூறத் தொடங்குமுன், இந்நாட்டு மக்கள் போராடிப் பெற்றவற்றை நினைவுகூருதல் முறையாகும். 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோய் வருமுன்னரே கிராமத்துக்குச் சென்று காக்கும் கொள்கை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் 80,000 பேரளவில் பலிகொண்டபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் கொயினாவும் உணவும் சுமந்து கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்றனர். அந்த அனுபவத்தின் சூட்டோடுதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளின் கட்டணம் நீக்கப்பட்டது. 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. செல்வம் மிகுந்த நாடுகள் நெடுங்காலத்திற் சாதித்ததை ஓர் ஏழை நாடு சில பத்தாண்டுகளிற் சாதித்தது. வீடு வீடாக நடந்த மருத்துவ மாதுகளின் கால்களும், எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரின் கண்களும் இச்சாதனையின் அத்திவாரங்கள்.

குழந்தையைச் சாகாமற் காக்கும் போரில் இவ்வாறு பெருமளவு வென்றோம். ஆயின், சாகாத குழந்தை நன்றாகக் காண வேண்டும், கேட்க வேண்டும், பேச வேண்டும், ஓட வேண்டும். இந்த இரண்டாவது போரிலேதான் நாம் வரிசையில் நிற்கின்றோம்.

கட்டணம் இன்றி வைத்தியம் என்பது உண்மை. ஆனால், பணமாக அறவிடப்படாதது நாட்களாக அறவிடப்படுகிறது. 1971இல், இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்றிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திலே, வெளிநோயாளரிடம் சிறுகட்டணம் ஒன்று அறவிடும் முறை கொண்டுவரப்பட்டு, 1977இல் அது நீக்கப்பட்டது. சில சதங்களேயானாலும் அது கண்ணுக்குத் தெரிந்த கட்டணம், எதிர்க்கத்தக்க கட்டணம். மூன்று மாதமும் நான்கு மாதமுமாகக் குழந்தையின் வயதிலிருந்து பெறப்படும் கட்டணமோ எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததை எதிர்த்து ஊர்வலம் போவது எங்ஙனம்?

குழந்தையின் மூன்று மாதமும் வளர்ந்தவரின் மூன்று மாதமும் ஒன்றல்ல என்பதை முதலிற் புரிந்துகொள்ள வேண்டும். எமது வன்னிக் கமக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலபோகத்துக்கு விதைக்க வேண்டிய நெல்லை, விதை கிடைக்கவில்லை என்று மாசியில் விதைப்பவன் எவனும் இல்லை. மண்ணும் நீரும் விதையும் அப்படியே இருக்கலாம், பருவம் போய்விட்டது. குழந்தையின் உடலிலும் இவ்வாறான பருவங்கள் உள.

சோம்பற்கண் என்று வைத்தியர் கூறும் குறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கண் மாறுகண்ணாகவோ பார்வை மங்கியதாகவோ இருந்தால், குழந்தையின் மூளை அக்கண் அனுப்பும் உருவத்தைப் புறக்கணித்து, நல்ல கண்ணை மாத்திரமே நம்பப் பழகிவிடுகிறது. இதற்கு மருந்து மிக எளியது: தகுந்த கண்ணாடி, அத்துடன் நாளொன்றுக்குச் சில மணிநேரம் நல்ல கண்ணை மூடி, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தல். ஆனால், ஏழு வயதளவிலே இதனாற் கிடைக்கும் பலன் குறையத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் முயற்சி முற்றாக வீண் என்பதில்லை. ஆயினும் விளைச்சல் குறைவு. காது கேளாத குழந்தையின் நிலை இதனிலும் அவசரமானது. பிறந்து ஒரு மாதத்துள் பரிசோதனை, மூன்று மாதத்துள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துள் சிகிச்சை என்பது உலகெங்கும் வைத்தியர் வகுத்துக்கொண்ட இலக்கு. மொழி காதின் வழியாகவே மூளையிற் குடியேறுகிறது. குடியேறும் காலம் முதல் மூன்று நான்கு ஆண்டுகள். பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைக்கு முதற் சில வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டுப் போட்டு நேராக்கத் தொடங்கினால், பெரும் சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எமது பாட்டிமார் சொன்னது ஒழுக்கத்துக்கு மாத்திரம் பொருந்துவது அன்று.

இனி, நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஒரு கிராமத்துப் பாடசாலையில் நாம் கற்பிக்கின்றோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியும் பாடசாலைக்கு வந்து, முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் வழக்கம் உண்டு. இது நல்ல வழக்கம். அவ்வாறு ஓராண்டின் முதலாந் தவணையிலே வந்தவர்கள், முதலாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணிற் குறை இருப்பதைக் கண்டுபிடித்து, ஒரே நாளில், ஒரே வகையான துண்டை இருவர் கையிலும் கொடுத்துச் சென்றனர். ஒருவன் சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகன். மற்றையவள் கூலிவேலை செய்து பிழைக்கும் ஒரு தாயின் மகள், தகப்பன் இல்லை.

கடைக்காரர் அந்தச் சனிக்கிழமையே நகரத்துத் தனியார் மருத்துவ நிலையத்தில் நிபுணரைச் 'சனல்' செய்தார். மறுவாரம் பையனின் மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. துண்டு கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் பதினொரு நாள்.

தாயும் மகளும் மாவட்டத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போனார்கள். விடியுமுன் புறப்படும் முதல் பஸ்ஸிலே போனாற்றான் இலக்கம் எடுக்கலாம். துண்டைப் பார்த்தவர் கொப்பியில் ஒரு திகதியை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமை போனபோது நிபுணர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். புதியவர் வரவில்லை. கொப்பியில் மற்றுமொரு திகதி, மூன்று மாதம். அம்முறை நிபுணர் இருந்தார். பிள்ளையின் கண்ணுக்கு மருந்துத்துளி விட்டு அளவு பார்க்க வேண்டும், அதற்கு வேறொரு நாள் என்றனர், இரண்டு மாதம். அந்த நாள் வந்தபோது வடகீழ்ப் பருவமழை கொட்டிக் குளம் வான்பாய்ந்து பாதையை மூடியிருந்தது. தண்ணீர் வடிந்தபின் சென்ற தாய்க்கு, வராத குற்றத்துக்காக வரிசையின் கடைசியிலே இடம் கிடைத்தது. இன்னும் மூன்று மாதம். அதன்பின் கண்ணாடிக்குச் சீட்டு எழுதப்பட்டது. கண்ணாடியை வெளியே கடையில் வாங்க வேண்டும். அதற்குக் காசு சேர ஒரு மாதம். ஆக மொத்தம் பதின்மூன்று மாதம். முதலாந் தவணையில் ஆறரை வயதினளாயிருந்தவள் ஏழரை வயதைக் கடந்துவிட்டாள்.

ஒவ்வொரு பயணத்தின் மறுநாளும் அத்தாய் பாடசாலை வாயிலில் நின்று எம்மிடம் கொப்பியைக் காட்டுவார்.

"இண்டைக்கும் திகதிதான் சேர் தந்தவை. இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

கடைசித் தடவை நாமும் கூடச் சென்றிருந்தோம். அன்று நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். மண்டபத்திலே அமர இடமின்றிப் பிள்ளைகள் நிலத்திற் படுத்து உறங்கினர். ஓர் இளம் தாதி, பகலுணவுக்கும் எழாது, பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போயிருந்தார். நிபுணர் களைத்திருந்தார், ஆயினும் கனிவாகவே பிள்ளையைப் பார்த்தார். பார்த்து முடித்தபின் தாயை நோக்கி, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அம்மா" என்றார்.

"நாங்கள் முந்தியே வந்தனாங்கள் ஐயா" என்றார் அத்தாய்.

வைத்தியர் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை முன்பக்கத்திலிருந்து புரட்டினார். அங்கே அவர் எழுதாத, அவருக்குத் தெரியாத திகதிகள் வரிசையாக இருந்தன.

கடைக்காரரின் மகனுடைய கண் ஏறக்குறையத் தேறிவிட்டது. அச்சிறுமியின் கண் சிறிது தேறியது, முழுமையாகத் தேறவில்லை. இருவருடைய நோயின் கடுமையிலும் வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனால், பதினொரு நாளும் பதின்மூன்று மாதமும் நோய் விதித்த வேறுபாடு அன்று. கடைக்காரரையும் நாம் குறைசொல்லோம். வசதியுள்ள தகப்பன் எவனும் அதைத்தான் செய்வான், செய்யவும் வேண்டும். எமது கேள்வி வேறு. இரண்டு பிள்ளைகளையும் பார்த்தவர் ஒரே ஆஸ்பத்திரியின் நிபுணர். அவருடைய கல்வி இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் வந்தது. அவ்வரியிலே அக்கூலிக்காரத் தாய் வாங்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பங்குண்டு. அப்படியிருக்க, மாலையிலே நகரத்தில் ஒரு வாரத்துள் கிடைக்கும் அதே கண்கள், காலையிலே அரசாங்க வைத்தியசாலையில் நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கும் என்பது எந்த நியாயம்?

அரசாங்க வைத்தியர் கடமை நேரம் கழிந்தபின் தனியார் முறையில் வைத்தியம் செய்வதற்கு 1977இன் பின்னர் வந்த ஆட்சி வழிதிறந்தது. திறந்த பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து வைத்தியத்துக்கு இரண்டு வாசல்கள்: ஒன்றில் காசு, மற்றதில் காலம். முதல் வாசலால் நுழைய வசதியுள்ளவர் நுழைந்துவிடுவதால், இரண்டாம் வாசலில் நிற்போர் குரலற்றவராகி விட்டனர். கச்சேரி உத்தியோகத்தனும் வழக்கறிஞனும் பத்திரிகையாளனும், ஏன், ஆசிரியனுங்கூட, கடன் பட்டாவது முதல் வாசலுக்கே போகின்றனர். வரிசை நீளமானது என்று எழுதக்கூடியவர் எவரும் வரிசையில் இல்லை.

வேல்ஸ் நாட்டிலே சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிளின்கொரக் என்னும் கிராமத்தில் நெடுங்காலம் வைத்தியராக இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்பார் 1971ஆம் ஆண்டு 'லான்செற்' என்ற வைத்திய இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வைத்தியம் எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் ஆதிக்கம் கூடக்கூட இத்தலைகீழ் நிலையும் கூடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. எமது நாட்டிலே இதை மெய்ப்பிக்க வேறு ஆராய்ச்சி வேண்டாம். தேசப்படம் ஒன்று போதும். சிறுவர்க்கென்றே அமைந்த பெரிய வைத்தியசாலைகள் என்று எவரும் முதலிற் சொல்பவை கொழும்பு பொரளையில் 1895இல் தோன்றிய லேடி றிஜ்வேயும் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையுமே. முல்லைத்தீவுத் தாய்க்கும் மொனராகலைத் தாய்க்கும் லயத்திலே கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அவை எத்தனை பஸ் தூரம்? போய்ச் சேர்ந்தாலும், தமிழ் மாத்திரம் அறிந்த தாய் தன் பிள்ளையின் நோயை விளங்க வைக்கவும், வைத்தியர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும் எவரைத் தேடுவாள்?

காத்திருத்தல் எமக்கு மாத்திரம் உரியதன்று. 1948இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிய பிரித்தானியாவிலும் வரிசைகள் நீண்டுதான் உள்ளன. இங்கிலாந்தில், அனுப்பப்பட்ட நாளிலிருந்து 18 வாரத்துள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற நியமம் உண்டு. நூற்றுக்கு 92 பேருக்காவது இது நிறைவேற வேண்டும். 2016இன் பின் அந்த அளவு எட்டப்படவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே காத்திருப்போரின் தொகை மாதந்தோறும் எண்ணி வெளியிடப்படுகிறது. பத்திரிகைகள் அதை எழுதுகின்றன. பாராளுமன்றத்திலே அமைச்சர் பதில் கூற வேண்டியிருக்கிறது. எமது சிறுமியின் பதின்மூன்று மாதம் எழுதப்பட்டிருந்தது அவளுடைய தாயின் கொப்பியில். அக்கொப்பி அவர்கள் வீட்டுக் கூரைத் தாழ்வாரத்திலே செருகப்பட்டிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின் பின் நிலை மேலும் மோசமாயிற்று. மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நிபுணர்களும் இளம் வைத்தியர்களும் பெருந்தொகையாக வெளிநாடு சென்றனர். முதலில் வெறுமையானவை பின்தங்கிய மாவட்டங்களின் வைத்தியசாலைகளே. சென்றவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது எளிது. ஆனால், எஞ்சி நிற்பவர் இருவர் செய்யும் வேலையை ஒருவராய்ச் செய்கின்றார் என்பதை அந்த மண்டபத்திலே நாம் கண்ணாற் கண்டோம். வரிசையில் நிற்கும் தாயும் வரிசையைப் பார்க்கும் தாதியும் ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழும்போது, இருவரையும் அந்நிலையில் வைத்த அமைப்பு மறைந்துகொள்கிறது. கோபம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? புரட்சி வரும்வரை பொறுத்திருப்போம் என்பது குழந்தையின் கண்ணுக்குப் பதில் ஆகாது. இன்றுள்ள வளங்களைக் கொண்டே செய்யத்தக்கவை சில உள.

முதலாவதாக, காத்திருக்கும் காலம் எண்ணப்பட வேண்டும். துண்டு கொடுத்த நாள், நிபுணர் பார்த்த நாள் ஆகிய இரண்டு திகதிகளை ஒரு பதிவேட்டில் எழுதுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வொரு கிளினிக்கின் சுவரிலும் இன்றைய காத்திருப்புக் காலம் இவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கட்டும். இரண்டாவதாக, திகதி வரிசைப்படி மாத்திரமன்றி, வயதும் குறையும் நோக்கி வழங்கப்பட வேண்டும். காது கேளாத எட்டு மாதக் குழந்தையும் நாள்பட்ட தேமலுக்கு மருந்து வேண்டுபவரும் ஒரே அளவு காத்திருக்கலாகாது. மூன்றாவதாக, நிபுணர் இடமாற்றம் பெறும்போது அவருக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வரிசையின் அடியிலிருந்து மீண்டும் ஏறும் வழக்கம் ஒழிய வேண்டும்; வெள்ளத்தால் வர முடியாத பிள்ளைக்கும் அவ்வாறே. நான்காவதாக, அறுபது தாய்மார் ஒரு நிபுணரிடம் பயணம் செய்வதிலும், மாதத்தில் ஒருநாள் ஒரு நிபுணர் அறுபது பிள்ளைகளிடம் பயணம் செய்வது நாட்டுக்கு இலாபம். அறுபது நாட்கூலியும் நூற்றிருபது பஸ் கட்டணமும் எவருடைய கணக்கிலும் வராததாற்றான் இது இலாபமாகத் தோன்றுவதில்லை.

ஐந்தாவது, எம்முடைய வேலை. பாடசாலைப் பரிசோதனையில் துண்டு பெற்ற பிள்ளைகளின் பட்டியலை வகுப்பாசிரியர் வைத்திருக்கலாம். தவணைக்கு ஒருமுறை, இன்னும் பார்க்கப்படாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணலாம். ஒரு பாடசாலையின் தொகை வெறும் முறைப்பாடு. ஒரு கல்வி வலயத்தின் தொகை ஒரு வாதம். ஒரு மாகாணத்தின் தொகையை எந்த அமைச்சரும் கொப்பியில் திகதி போட்டுத் திருப்பியனுப்ப முடியாது. எமது ஆசிரிய சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடியுள்ளன, போராடவும் வேண்டும். அச்சங்கங்களின் தீர்மானங்களிலே பிள்ளைகளின் கண்ணுக்கும் காதுக்கும் ஓரிடம் இருந்தால் அவற்றின் குரலுக்கு ஊரிலே வலிமை கூடும். பல்கலைக்கழக மாணவர், குறிப்பாக மருத்துவபீட மாணவர், விடுமுறையிலே தம் ஊர்ப் பாடசாலைகளில் இக்கணக்கெடுப்புக்குத் துணைநிற்கலாம். கொயினாவைச் சுமந்து கேகாலைக்கு நடந்தவர்களும் அவர்களுடைய வயதினரே.

அடுத்த தவணையின் முதல் வாரத்திலேயே இதனைத் தொடங்கலாம். தேவையானவை ஒரு கொப்பியும் ஒரு பேனாவும். பிள்ளையின் பெயர், வகுப்பு, துண்டு கொடுத்த நாள், பார்க்கப்பட்ட நாள் என நான்கு நிரல்கள் வரைந்தாற் போதும். கடைசி நிரல் எத்தனை இடங்களில் வெறுமையாக இருக்கிறது என்பதை ஊரறியச் சொல்வோம்.